நீர்க்கோட்டுக்குக் கீழே

பாய்மரப் படகிலேயே குடியிருந்து நாடு நாடாகக் கடல்வழி போய்க்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால், கரையில் இருப்பவர்கள் முதலில் புயலைப் பற்றித்தான் கேட்பார்கள். எங்களுக்கோ புயலைவிட அடிக்கடி நினைவுக்கு வருவது படகின் அடிப்புறம். மலாக்கா நீரிணையின் தண்ணீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 29, 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்கிறது. அந்த வெதுவெதுப்பில் நங்கூரமிட்டு நிற்கும் படகின்மேல் முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வழவழப்பு படிகிறது. அதன்மேல் பச்சைப் பாசி பிடிக்கிறது. பாசியைத் தொடர்ந்து, கொட்டலசு என்று கடற்கரையோர் சொல்லும் பார்னக்கிள்கள் வந்து தலையைப் படகின் தோலில் ஒட்டவைத்துக்கொண்டு, சுற்றிலும் சுண்ணாம்புக் கூடு கட்டி, கால்களால் தண்ணீரைத் துழாவி உண்டபடி நிரந்தரமாகக் குடியேறிவிடுகின்றன.

இது அழகு பற்றிய சிக்கல் அல்ல. தனியொருவராக, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் உலகைச் சுற்றிவரும் கோல்டன் குளோப் பந்தயம் 2018-இல் நடந்தபோது, முதலில் வந்த பிரெஞ்சுக்காரர் ழான்-லுக் வான் டென் ஹீட் ஏறத்தாழ 212 நாள்களில் கரை சேர்ந்தார். ஏறக்குறைய அதே அளவுள்ள படகில் போன பின்லாந்துக்காரர் டாபியோ லெஹ்டினென் 322 நாள்கள் எடுத்துக்கொண்டார். அவருடைய படகின் அடியில் அடர்ந்து வளர்ந்திருந்த பார்னக்கிள்களே அந்தத் தாமதத்துக்குப் பெரும் காரணம். காற்றும் பாயும் மாலுமியின் திறமையும் இருந்தும், நீர்க்கோட்டுக்குக் கீழே சில மில்லிமீட்டர் கனத்துக்கு ஒட்டியிருக்கும் உயிர்கள் ஒரு படகை மாதக்கணக்கில் பின்னுக்கு இழுத்துவிடும்.

ஆகவே வெப்பமண்டலக் கடல்களில் திரிகிற படகை ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ ஒருமுறை தண்ணீரிலிருந்து தூக்கி, சுரண்டி, தேய்த்து, உயிர்கள் ஒட்டாமல் தடுக்கும் பூச்சு அடித்து மறுபடி இறக்க வேண்டியிருக்கிறது. சொந்த ஊரில் கட்டிவைத்த படகு என்றால் இதை ஆண்டுப் பராமரிப்பு என்று சொல்லிவிடலாம். கருவிகள் வீட்டில் இருக்கும், பழகிய பட்டறைக்காரர் இருப்பார், இந்த வாரம் முடியாவிட்டால் அடுத்த வாரம் பார்க்கலாம். பயணத்தில் இருப்பவர்களுக்குப் படகோடு சேர்ந்து வீடும் மேலே ஏறிவிடுகிறது. கருவி என்பது படகின் அலமாரியில் இருப்பது மட்டுமே. விசா நாள்கள் ஒரு பக்கம் கரைய, பருவக்காற்று இன்னொரு பக்கம் காத்திராமல் போய்க்கொண்டிருக்கும். தரையேற்றத்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவது பெரும்பாலும் இந்த நெருக்கடியிலிருந்து பிறந்ததுதான்: தரையில் நிற்கும்போது தரையில் மட்டுமே செய்யக்கூடியதைச் செய்துவிட்டு, மற்ற எதையும் தொடாமல் தண்ணீருக்குத் திரும்பிவிட வேண்டும்.

நாங்கள் இந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்தது லங்காவி. அதற்குக் காரணங்கள் உண்டு. வடகிழக்குப் பருவக்காற்றின்போது மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் மழை கொட்டித் தீர்க்கும். மேற்குக் கரையின் வடமுனையில் ஒதுங்கியிருக்கும் லங்காவியில் டிசம்பர் தொடங்கி மார்ச் வரை வறண்ட காலம். 1987 முதல் அது தீர்வையற்ற தீவாக இருப்பதால் பூச்சு டப்பாக்களையும் உதிரிப் பொருள்களையும் வரவழைப்பதில் தொல்லை குறைவு. தீவின் தென்மேற்கே ரெபாக் தீவில் படகைத் தூக்கும் லிஃப்டும் நிறுத்திவைக்கும் தரைத்தளமும் இருக்கின்றன. இங்கு இடம் கிடைக்காதவர்கள் எல்லை தாண்டித் தென் தாய்லாந்தின் சத்தூனுக்குப் போகிறார்கள். அங்கே படகைத் தண்டவாளத்தின்மேல் ஓடும் வண்டியில் ஏற்றி, ஆற்றிலிருந்து இழுத்து மேலேற்றுகிறார்கள்.

ஆனால் இந்த வறண்ட காலத்துக்குள் ஒரு முரண்பாடு ஒளிந்திருக்கிறது. பூச்சுக்கு உகந்த அதே மாதங்கள்தான் வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடந்து இலங்கைக்குப் போவதற்கும் உகந்தவை. வடகிழக்குக் காற்று பக்கவாட்டிலும் பின்புறத்திலும் இருந்து சீராகத் தள்ளும் அந்தக் காலம் பிப்ரவரி கடந்தால் தளரத் தொடங்குகிறது. பட்டறையில் ஒரு வேலை இன்னொரு வேலையை இழுத்துவர, அது மூன்றாவதைக் கூட்டிவர, மேற்கே போகவேண்டிய படகுகள் காற்றைத் தவறவிட்டு அடுத்த ஆண்டுவரை முட்டுக்கால்களின்மேல் நிற்பதை இந்தக் கரையில் எந்தப் பருவத்திலும் பார்க்கலாம்.

தூக்கும் நாள் ஓதத்தைப் பார்த்து முடிவாகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இங்கே கடல் ஏறி இறங்கும் உயரம் ஏறத்தாழ மூன்று மீட்டர் வரை போகும் என்பதால், அடியில் நீண்டிறங்கும் ஏரா என்னும் பகுதி ஆழம் மிகுந்திருக்கும் படகுகள் நீர் நன்றாக ஏறியிருக்கும் வேளையில்தான் லிஃப்டின் குழிக்குள் நுழைய முடியும். அந்த லிஃப்ட் நான்கு பெரிய சக்கரங்களில் ஊர்ந்து செல்லும் ஓர் இரும்புச் சட்டம். அதிலிருந்து தொங்கும் இரண்டு அகன்ற வார்கள் படகின் வயிற்றுக்குக் கீழே போய், அப்படியே ஏந்தித் தூக்குகின்றன. வார் எங்கே உட்காருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. படகைத் தள்ளும் விசிறியின் தண்டின்மேல் உட்கார்ந்தால் தண்டு வளையும். வேகத்தையும் ஆழத்தையும் அளக்கும் உணரிகளின்மேல் உட்கார்ந்தால் அவை நொறுங்கும். ஏராவுக்கு முன்னே சரிந்து ஏறும் பகுதியில் உட்கார்ந்தால் வார் வழுக்கிப் படகே நழுவும். அதனால் வார் வரவேண்டிய இடங்களை முந்திய தரையேற்றத்திலேயே அளந்து, மேல்தள விளிம்பில் சிறு குறிகளாக வரைந்துவைத்திருப்பது எங்கள் வழக்கம்.

லிஃப்டை ஓட்டியவர் கெடா மாநிலத்தின் தோட்டப்புறத்தில் பிறந்த தமிழர். படகின் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பேசினார். "அண்ணே, பின் வார் எங்க வரணும்னு இப்பவே சொல்லிடுங்க. தூக்கினதுக்கு அப்புறம் மேல தொங்கவிட்டுக்கிட்டு நாம பேசிட்டு இருக்க முடியாது" என்றார். குறியைக் காட்டினேன். அவர் அதை நம்பி விட்டுவிடவில்லை. படகின் பக்கவாட்டு வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்து, வார்களை நீருக்கடியில் நிலைப்படுத்திய பிறகு ஒருவரை இறங்கிப் பார்க்கவும் சொன்னார். எங்கள் பாய்மரத்தின் பின் இழுவைக் கம்பி லிஃப்டின் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும் என்பதால் அதை முன்கூட்டியே தளர்த்தி ஒதுக்கிக் கட்டியிருந்தோம். இப்படிப்பட்ட ஒருவர் லிஃப்டின் கட்டுப்பாட்டில் இருந்தால் பட்டறையின் மற்ற குறைகள் எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

படகு நீரிலிருந்து மேலெழும்போது உடனே கழுவிவிட வேண்டும். ஈரமாக இருக்கும்வரை பாசியும் வழவழப்பும் அழுத்த நீர்ப்பீச்சுக்கு எளிதில் உரிந்து வருகின்றன. வெயிலில் ஒரு மணி நேரம் காய்ந்துவிட்டால் அதே வேலைக்கு அரை நாள் சுரண்ட வேண்டியிருக்கும். பார்னக்கிளின் கூடு தட்டினால் விழுந்துவிடும். ஆனால் அது ஒட்டியிருந்த வட்டமான அடித்தட்டு விழாது. அதை விட்டுவைத்து மேலே பூசினால் பூச்சு அந்த இடத்தில் பிடிக்காது, அடுத்த தலைமுறையும் அதே வட்டத்தைத் தேடி வந்து உட்காரும். கழுவி முடித்த பிறகு வரும் நாற்றத்தைப் பற்றி எழுதுவதற்கில்லை. லங்காவி ஈக்களுக்கு அது திருவிழா.

பிறகு படகு தரைத்தளத்தில் நிறுத்தப்படுகிறது. படகின் எடை முழுவதும் ஏராவின் அடியில் வைக்கும் மரக்கட்டைகளின்மேல்தான் இறங்கவேண்டும். பக்கவாட்டில் நிற்கும் இரும்பு முட்டுக்கால்கள் படகு சாயாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே. எதிரெதிர் முட்டுக்கால்களைப் படகின் அடியில் சங்கிலியால் பிணைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது படகுக்காரரின் பொறுப்பு. பிணைக்காத முட்டுக்கால் காற்றில் படகு அதிர அதிர வெளியே நகர்ந்துகொண்டே போகும். வெயிலுக்குக் கட்டும் தார்ப்பாயின் கயிற்றை முட்டுக்காலில் கட்டுவது இதைவிட மோசமானது. ஒரு பலத்த காற்றுக்குத் தார்ப்பாய் பாயாக மாறி முட்டுக்காலைப் பிடுங்கிவிடும்.

ஏணியில் ஏறி இறங்கி வாழும் வாழ்க்கையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கடல்நீரால் குளிரூட்டப்படும் குளிர்பதனப் பெட்டி வேலை செய்யாது. பாத்திரம் கழுவும் தண்ணீரை வெளியே விடக்கூடாது, ஏனென்றால் அது நாளைக்குப் பூசவேண்டிய இடத்தின்மேல்தான் வழிந்தோடும். கழிவறைக்குப் போவதென்றால் இரவிலும் ஏணிதான். எறும்புகள் ஏறாமலிருக்க ஏணியின் கால்களுக்குக் கீழே எண்ணெய் ஊற்றிய தட்டுகள் வைத்தோம். முட்டுக்கால் வழியாக அவை வந்துவிட்டன.

தரையில் மட்டுமே முடிவதைச் செய்வது என்று மேலே சொன்ன விதி சோதனைக்குள்ளாவது இந்தக் கட்டத்தில்தான். படகு உலர்ந்து, நிலையாக, எல்லாப் பக்கமும் கைக்கு எட்டும்படி நிற்கிறது. பக்கத்திலேயே வெல்டிங் தெரிந்தவர், தச்சர், தையற்காரர், எஞ்சின் மெக்கானிக் எல்லாரும் இருக்கிறார்கள். அடுத்த படகுக்காரர் தன் மேல்தளம் முழுவதையும் பெயர்த்துப் போட்டிருக்கிறார். நமக்கும் சன்னல்களை மாற்றிவிடலாம், பாய்மரத்தை இறக்கிக் கம்பிகளைப் பார்த்துவிடலாம், உள்ளே மரவேலைக்கு வார்னிஷ் அடித்துவிடலாம் என்று தோன்றும். நான் சமையலறைக் குழாய்களை மாற்றுவதைப் பற்றிப் பேச்செடுத்தபோது என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: "அதைத் தண்ணியில இருக்கும்போது செய்ய முடியாதாங்க?" முடியும். ஆகவே குழாய்கள் அப்படியே இருந்தன. தரைத்தளத்துக்கு நாள் வாடகை உண்டு என்பது மட்டுமல்ல இதன் காரணம். நீர்க்கோட்டுக்கு மேலே உள்ள வேலைகளை ஏதோ ஒரு விரிகுடாவில் நங்கூரமிட்டுக்கொண்டு, காற்று வராத நாள்களில், குளிர்ந்த தண்ணீர் குடித்துக்கொண்டே செய்யலாம்.

நீரிலிருந்து தூக்காமல் செய்யவே முடியாதவை சில இருக்கின்றன. பூச்சைவிட அவை முக்கியமானவை என்பேன். படகின் அடியில் துளைகள் இருக்கின்றன: எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் நுழைவதற்கு ஒன்று, கழிவறைக்கு இரண்டு, மேல்தள நீர் வடிவதற்கு, சமையலறைத் தொட்டி வடிவதற்கு என்று. ஒவ்வொரு துளையிலும் ஒரு வால்வு இருக்கிறது. பூச்சு தேய்ந்தால் படகு மெதுவாகும். வால்வு உடைந்தால் மூழ்கும். சாதாரணப் பித்தளையில் செய்த வால்வுகள் கடல்நீரில் இருக்கும்போது அவற்றிலுள்ள துத்தநாகம் மட்டும் மெல்லக் கரைந்து வெளியேறி, வடிவம் மாறாமல், உள்ளே வலுவற்ற செம்புப் பஞ்சாக மட்டும் நிற்கும். அதன் அடையாளம் சுரண்டிப் பார்த்தால் தெரியும் ரோஜாநிறம். மஞ்சளாக மினுங்கினால் நல்லது. ரோஜாநிறமாக இருந்தால் அந்த வால்வை அன்றே கழற்றி, வெண்கலத்திலோ துத்தநாகம் கரையாதபடி செய்யப்பட்ட பித்தளையிலோ புதியதைப் போடவேண்டும். எங்கள் படகில் கழிவறையின் வெளிவழி வால்வு அப்படித்தான் இருந்தது. அதன் பிடியைத் திருப்பியபோது பிடி கையோடு வந்தது.

அடுத்தது சுக்கானைத் தாங்கும் பொறிகள் தேய்ந்து ஆடுகின்றனவா என்பது. சுக்கானின் அடிமுனையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் தெரிந்துவிடும். விசிறித் தண்டைத் தாங்கும் ரப்பர் உருளை தேய்ந்திருக்கிறதா என்பதையும் அப்படியே தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்துக் கண்டுகொள்ளலாம். பிறகு தண்டில் பூட்டியிருக்கும் துத்தநாகக் கட்டிகள். பாதி கரைந்திருந்தால் அவை தம் வேலையைச் செய்திருக்கின்றன என்று பொருள். அவற்றை மாற்றிவிட வேண்டும். கொஞ்சமும் கரையாமல் புதிதாகவே இருந்தால்தான் கவலைப்படவேண்டும். மின்தொடர்பு எங்கோ அறுந்திருக்கிறது, கட்டிக்குப் பதிலாக விசிறி கரைந்துகொண்டிருக்கிறது.

இந்தத் துத்தநாகக் கட்டிக்கும் படகின் அடியில் பூசும் செம்பு கலந்த பூச்சுக்கும் இடையே ஒரு பழைய பகை இருக்கிறது. 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை, மரப்புழு துளைப்பதையும் பாசி பிடிப்பதையும் தடுக்க, 'அலார்ம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்புறம் முழுவதையும் செம்புத் தகட்டால் போர்த்தி மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. இரண்டாண்டுகளில் திரும்பிவந்த கப்பலைத் தூக்கிப் பார்த்தால் செம்பு இருந்த இடங்களில் மரம் சுத்தமாக இருந்தது. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துக் கூழாகியிருந்தன. தகட்டைச் சுற்றிவந்த பழுப்புத் தாள் தற்செயலாகச் செம்புக்கும் இரும்புக்கும் இடையே சிக்கியிருந்த இடங்களில் மட்டும் ஆணிகள் பிழைத்திருந்தன. கடல்நீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் ஒன்று மற்றொன்றுக்காகக் கரையும் என்பதற்கு மின்வேதியியல் பிறப்பதற்கு முன்பே கிடைத்த சான்று அது.

1824-இல் ஹம்ப்ரி டேவி இதே கொள்கையைத் தலைகீழாகத் திருப்பினார். கடற்படையின் செம்புத் தகடுகள் விரைவாகத் தேய்கின்றன என்ற குறைக்கு, தகட்டின்மேல் ஆங்காங்கே துத்தநாகத்தையோ இரும்பையோ பொருத்திவிட்டால் அவை கரையும், செம்பு கரையாது என்றார். அப்படியே நடந்தது. செம்பு கரைவது நின்றது. நின்றதும் கப்பலின் அடியில் பாசியும் பார்னக்கிளும் மண்டி வளர்ந்தன. உயிர்களைத் தடுத்தது செம்பு இருப்பது அல்ல, செம்பு கரைவதுதான் என்பது அப்போதுதான் கடற்படைக்கு விளங்கியது. டேவியின் காப்புக் கட்டிகள் கழற்றப்பட்டன. இன்று எங்கள் விசிறித் தண்டில் இருப்பது டேவியின் அதே கட்டி, அதைச் சுற்றிலும் படகின் அடியில் நாங்கள் பூசுவது அவருடைய கட்டியால் செயலிழந்துபோன அதே செம்பு. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் பூசுகிறவர் செய்யவேண்டியது. ஃபைபர் படகுக்கு அது எளிது. அலுமினியப் படகு வைத்திருப்பவர்கள் செம்புப் பூச்சைக் கிட்டவே கொண்டுவரக்கூடாது.

நாங்கள் பூசும் கலவையின் எடையில் ஏறத்தாழ பாதி செம்பு ஆக்சைடு. டப்பாவைத் தூக்கும்போதே தெரியும் அந்தக் கனம் டப்பாவின் அடியில்தான் படிந்துகிடக்கும் என்பதால், ஒரு குச்சியால் ஒப்புக்குக் கலக்கிவிட்டுத் தொடங்குகிறவர் மேலே இருக்கும் வெறும் பிசினைப் படகுக்கும் அடியில் இருக்கும் செம்பைக் குப்பைக்கும் கொடுக்கிறார். பூச்சில் இரண்டு வகை உண்டு. கெட்டியான வகையில் செம்பு கரைந்துபோன பிறகும் பிசின் கூடு அப்படியே நிற்கும். சில பருவங்களுக்குப் பிறகு பழைய கூடுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து, ஒருநாள் முழுவதையும் உரித்தெடுக்க வேண்டிய கட்டாயம் வரும். மற்ற வகை, படகு ஓட ஓட, குளியல் சோப்பைப்போல் மேற்பரப்பிலிருந்து தேய்ந்து, எப்போதும் புதிய செம்பை வெளிக்காட்டும். நீண்ட தூரம் போகும் படகுக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். ஆனால் மாதக்கணக்கில் ஒரே விரிகுடாவில் நங்கூரமிட்டு நிற்கிறவர்களுக்கு அது அவ்வளவு உதவாது. ஓடாத படகில் அது தேய்வதில்லை.

இவற்றைவிட வலிமையான ஒரு பூச்சு ஒருகாலத்தில் இருந்தது. டிரைபியூட்டைல் டின் என்னும் வெள்ளீயச் சேர்மம் கலந்த பூச்சைப் பழைய மாலுமிகள் இன்றும் ஏக்கத்தோடு குறிப்பிடுவார்கள். 1970களின் இறுதியில் பிரான்சின் ஆர்க்கஷோன் குடாவில் வளர்த்த சிப்பிகளின் ஓடுகள் கோணலாகத் தடித்துப்போனதும் அவற்றின் இனப்பெருக்கம் குலைந்ததும், அருகிலிருந்த இன்பப் படகுகளின் பூச்சோடு தொடர்புபடுத்தப்பட்டன. 1982-இல் பிரான்ஸ் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் அதைத் தடுத்தது. 1987-இல் பிரிட்டனும் சிறு படகுகளில் தடுத்தது. கடல் நத்தைகளில் பெண் உயிர்களுக்கு ஆண் உறுப்பு முளைப்பதும் இதே பூச்சால்தான் என்று உறுதியானது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஏற்ற ஒப்பந்தம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்ததோடு அது பெரிய கப்பல்களிலிருந்தும் விலகியது. அந்த ஏக்கத்தில் நான் பங்குகொள்வதில்லை. நாம் நங்கூரமிடும் அதே விரிகுடாவில்தான் யாரோ சிப்பி எடுத்துச் சமைக்கிறார்கள்.

செம்பும் நஞ்சுதான். பழைய பூச்சை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் எழும் தூள் நுரையீரலுக்குள் போகும், பக்கத்துப் படகின் சமையலறைக்குள்ளும் போகும். நீர் தெளித்துத் தேய்ப்பதுதான் முறை. அப்போதும் முகமூடி, கையுறை, கண்காப்பு இல்லாமல் இறங்கக்கூடாது. கழுநீர் கடலுக்குப் போகாமல் தனித்தொட்டியில் சேர வழி செய்திருக்கும் பட்டறையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் நல்லது. லங்காவி வெயிலில் முழு உடை அணிந்து, தலைக்கு மேலே கைகளை நீட்டித் தேய்ப்பது எப்படி இருக்கும் என்பதைப் படிக்கிறவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். காலை வெளுக்கத் தொடங்கும்போதே தொடங்கி, பத்து மணிக்குள் வெயில் படும் பக்கத்தை முடித்துவிட்டு, நிழல் திரும்பும் பக்கத்துக்கு நாமும் திரும்புவதுதான் வழி.

தேய்க்கும்போதுதான் கொப்புளங்கள் தெரியவருகின்றன. 1980களில் கட்டப்பட்ட எங்கள் படகைப் போன்ற ஃபைபர் படகுகளில், நீர் மேலுறையைக் கடந்து மெல்ல உள்ளே ஊறி, முழுவதும் இறுகாத வேதிப்பொருள்களோடு சேர்ந்து புளித்த திரவமாகி, தோலை உள்ளிருந்து தள்ளும். கொப்புளத்தைக் குத்தினால் வினிகர் நாற்றத்தோடு ஒரு துளி பீச்சியடிக்கும். இதைப் பார்த்ததும் அடிப்புறம் முழுவதையும் சீவியெடுத்து, மாதக்கணக்கில் காயவிட்டு, எபாக்ஸிப் பிசினால் போர்த்தவேண்டும் என்று சொல்ல அங்கே பலர் இருப்பார்கள். அந்த ஆலோசனை சில படகுகளுக்குப் பொருந்தும். ஆனால் ஈரப்பதம் மிகுந்த கடற்கரையில் ஒரு படகு எத்தனை மாதம் நின்றால் உண்மையில் காயும் என்பதை யாரும் உறுதியாகச் சொல்வதில்லை. இப்படிப்பட்ட சிறு கொப்புளங்களால் ஒரு படகு மூழ்கியதாக நான் கேள்விப்பட்டதும் இல்லை. நாங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே திறந்து, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, காயவிட்டு, எபாக்ஸியால் பட்டி பார்த்து மூடினோம். அடுத்த முறை சில புதியவை வரும். அவற்றையும் அப்படியே செய்வோம்.

எவ்வளவு பூச்சு வாங்குவது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நீர்க்கோட்டின் நீளத்தை, அகலமும் ஆழமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் பெருக்கி, நடுத்தர உடலமைப்புள்ள படகுக்கு அதில் முக்கால் பங்கை எடுத்துக்கொள்ளவேண்டும். 9.5 மீட்டர் நீர்க்கோடு, 3.5 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் ஆழம் என்றால் ஏறத்தாழ 38 சதுர மீட்டர். ஒரு லிட்டர் ஒருமுறை பூசப் பத்துச் சதுர மீட்டருக்கு வரும் என்று கொண்டால், மூன்று பூச்சுக்குப் பன்னிரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆகும். நான் இதோடு நிறுத்துவதில்லை. படகின் முகப்பான அணியத்தின் முன்விளிம்பு, ஏராவின் முன்விளிம்பு, சுக்கான், வெயில் படும் நீர்க்கோட்டுப் பட்டை ஆகியவை மற்ற இடங்களைவிட விரைவாகத் தேய்வதால் அங்கெல்லாம் கூடுதலாக ஒரு பூச்சு. முதல் பூச்சைச் சிவப்பிலும் மேலே வருபவற்றை நீலத்திலும் அடித்தால், பின்னாளில் நீந்திப் பார்க்கும்போது நீலத்தின் நடுவே சிவப்பு தலைகாட்டும் இடத்தைக் கொண்டு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். நீண்ட பயணத்துக்கான தண்ணீரும் எரிபொருளும் அரிசி மூட்டைகளும் ஏறிய படகு, வரைபடத்தில் இருப்பதைவிடத் தாழ்ந்தே மிதக்கும். அதனால் நீர்க்கோட்டையும் சில விரற்கடை உயர்த்தி வரைந்துகொள்வது நல்லது.

பூசும் வேலை மட்டும் பார்த்தால் எளிதானது. ரோலரைப் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம். வானிலைதான் அதற்கு எசமான். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேலே போனால் பூசக்கூடாது. படகின் தோல் பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது மூன்று பாகை செல்சியஸ் அதிகமாக இருக்கவேண்டும். லங்காவியின் வறண்ட காலத்திலும் விடியற்காலையில் படகின் தோல் நனைந்திருக்கும், மாலை சாய்ந்ததும் மறுபடி ஈரம் இறங்கும். இடையில் கிடைக்கும் நேரத்துக்குள் ஒரு பூச்சு முடிந்து, காயவும் வேண்டும். அடிப்பூச்சான எபாக்ஸிப் பிரைமர் விரல் நகத்தில் ஒட்டாமல், ஆனால் அழுத்தினால் தடம் பதியும் பதத்தில் இருக்கும்போதே முதல் செம்புப் பூச்சு அதன்மேல் விழவேண்டும். அந்தப் பதம் தவறினால் முழுவதையும் மறுபடி தேய்க்கவேண்டும். துத்தநாகக் கட்டிகளின்மேல் பூச்சு படக்கூடாது. பட்டால் அவை வெறும் அலங்காரம்.

நீர்க்கோட்டுக்கு மேலே உள்ள பக்கவாட்டைப் பளபளப்பாக மாற்றும் இருகலவைப் பாலியூரித்தேன் பூச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: ஒருவர் ரோலரால் பரப்ப, இன்னொருவர் பின்னாலேயே தூரிகை நுனியால் தடவிச் சமன்செய்யும் முறையில் கண்ணாடியைப் போன்ற பரப்பைக் கொண்டுவர முடியும். தெளிக்கும் முறையில் அதிலுள்ள ஐசோசயனேட்டுகள் மூச்சுக்கு மிகவும் ஆபத்தானவை என்பதால் தனிக் காற்று வசதி இல்லாமல் செய்யக்கூடாது. நாங்கள் எதையும் செய்யவில்லை, மெருகேற்றியதோடு சரி. பார்னக்கிள்கள் நீர்க்கோட்டுக்கு மேலே வருவதில்லை.

கடைசியாக மிஞ்சுவது முட்டுக்கால்கள் தொட்டுக்கொண்டிருந்த இடங்கள். அவற்றை நாமாக நகர்த்தக்கூடாது. பட்டறை ஆள்கள் ஒவ்வொன்றாக எடுத்து வேறிடத்தில் வைத்துத் தந்த பிறகு அந்தத் திட்டுகளைத் தேய்த்துப் பூசலாம். ஏராவின் அடிப்பகுதியை அப்போதும் தொட முடியாது. அதற்காகவே, இறக்குவதற்கு முந்திய மாலை படகை லிஃப்டில் தூக்கி இரவு முழுவதும் வார்களிலேயே தொங்கவிட முடியுமா என்று கேட்டுக்கொள்வோம். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். அந்த லிஃப்ட்காரர், "ராத்திரி நீங்க மேல படுக்கக்கூடாது அண்ணே, அது மட்டும் ரூல்" என்றார். அன்று பட்டறையின் ஓரத்திலிருந்த உணவகத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அருகில் ஓர் அறையில் தங்கினோம்.

இறக்கும்போது அவசரம் கூடாது. படகு நீரைத் தொட்டு மிதக்கத் தொடங்கியதும், வார்களை விலக்குவதற்கு முன்பே, நான் உள்ளே போய் ஒவ்வொரு வால்வையும் விளக்கு வைத்துப் பார்த்தேன். புதிய வால்வின் அடியில் திசுத்தாள் ஒன்றை விரித்துவைத்திருந்தேன். ஒரு சொட்டு விழுந்தாலும் அதில் தெரியும். விசிறித் தண்டு வெளியேறும் இடத்திலுள்ள அடைப்பு, நீர் சொட்டாத வகையைச் சேர்ந்தது. அதன் ரப்பர் உறையைக் கையால் பிசைந்து உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினால்தான் அதன் உராயும் முகங்களுக்கு நீர் கிடைக்கும், இல்லாவிட்டால் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் சூடேறிக் கெடும். பிறகு எஞ்சினை இயக்கி, பின்புறக் குழாயிலிருந்து குளிர்விக்கும் நீர் வெளியே கொட்டுகிறதா என்று பார்த்து, எல்லாம் சரி என்று கைகாட்டிய பிறகுதான் வார்கள் தளர்த்தப்பட்டன. இந்தச் சோதனைகளில் ஏதேனும் தவறியிருந்தால் அதே நிமிடம் மறுபடி தூக்கிவிடலாம். வாரை விட்டு விலகிவிட்ட படகுக்கு அந்த வசதி இல்லை.

பூச்சுக்கும் தரையேற்றத்துக்கும் ஆன ரசீதுகளையும், கழுவும்போதும் பூசிய பிறகும் எடுத்த தேதியிட்ட படங்களையும் ஓர் உறையில் போட்டு வைத்துக்கொள்கிறோம். நாங்கள் மேற்கே போகிறோம் என்றாலும், தென்கிழக்கே போகிறவர்களுக்கு இவை இப்போது கடவுச்சீட்டுக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுகின்றன. நியூசிலாந்து 2018 மே மாதத்திலிருந்து வரும் படகுகளின் அடிப்புறம் சுத்தமாக இருக்கவேண்டும் என்று விதித்திருக்கிறது. வந்துசேர்வதற்கு முந்திய 30 நாள்களுக்குள் தூக்கிக் கழுவியதற்கான சான்று அதற்கு ஏற்கப்படும் வழிகளில் ஒன்று. ஆஸ்திரேலியாவும் 2022 ஜூன் முதல் இதைப் பற்றிய விவரங்களை முன்கூட்டியே கேட்கிறது. படகோடு ஒட்டிக்கொண்டு வரும் அயல்கடல் உயிர்கள் தங்கள் துறைமுகங்களில் குடியேறிவிடும் என்பதே அவர்களுடைய அச்சம். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற படகுக்காரர் ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்துக்குப் போகிறவர் என்பதால், தன் ஏராவின் அடியைக்கூட விடாமல் படமெடுத்துக்கொண்டார்.